செம்மண்ணுக்கும் கரிசலுக்கும் ஒரே டிஏபியா?

புரட்டாசி மழை பிடித்துவிட்டால் கள்ளக்குறிச்சி வட்டாரத்துக் கூட்டுறவுச் சங்கங்களில் முதலில் காதில் விழும் கேள்வி, ‘டிஏபி வந்துடுச்சா?’ என்பதுதான். நெல் நடப்போகிறவரும் கேட்பார், மக்காச்சோளம் போடுகிறவரும் கேட்பார், கரும்புக்காரரும் மரவள்ளிக்காரரும் கேட்பார்கள். வந்திருந்தால் ஏக்கருக்கு ஒரு மூட்டை. வரவில்லை என்றால் தனியார் கடைக்கு ஓட்டம், கூடவே தலையில் கட்டப்படும் வேறு சரக்குக்கும் பணம். கச்சிராயபாளையத்துச் செம்மண்ணுக்கும், பெரம்பலூர் எல்லையோரக் கரிசலுக்கும், கோமுகி பாசனத்து நெல் வயலுக்கும், வெள்ளிமலைச் சரிவுக்கும் அதே மூட்டை, அதே அளவு.

டிஏபி உரத்தை வாங்குவதே அதிலுள்ள மணிச்சத்துக்காக, அதாவது பாஸ்பரஸுக்காக. ஆனால் இந்த மண்கள் மணிச்சத்தைப் பிடித்துவைக்கும் விதமும் விட்டுக்கொடுக்கும் விதமும் ஒன்றல்ல. ஒரே பேருந்துப் பயணத்துக்குள் இத்தனை விதமான மண்ணைத் தாண்டிப் போகிற மாவட்டங்கள் தமிழ்நாட்டில் குறைவு. 2019 நவம்பரில் விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சி, தனக்கென ஒரு மணிச்சத்துக் கணக்கை எழுதிக்கொள்ள வேண்டிய காலம் இது. உர ஒதுக்கீடு பற்றிய பேச்சு எப்போதும் மூட்டை எண்ணிக்கையிலேயே தொடங்கி அங்கேயே முடிந்துவிடுகிறது. மூட்டை போய்ச் சேரும் இடத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை.

முதலில் ஒரு கணக்கு. ஏக்கர் நிலத்தின் மேல்மண்ணை அரை அடி ஆழத்துக்கு எடுத்தால் ஏறக்குறைய 9 லட்சம் கிலோ எடை வரும். கிலோ மண்ணில் 400 மில்லிகிராம் மணிச்சத்து இருப்பதாக வைத்துக்கொள்வோம். நம் செம்மண் நிலங்களுக்கு இது மிகையான மதிப்பு இல்லை. அப்படியானால் அந்த ஏக்கரில் 360 கிலோ மணிச்சத்து கிடக்கிறது. 50 கிலோ டிஏபி மூட்டையில் தனிமமாகப் பார்த்தால் மணிச்சத்து 10 கிலோதான் இருக்கும். ஆக 36 மூட்டைக்குச் சமமான சத்து, ஒரு ரூபாய் செலவில்லாமல் ஏற்கெனவே காலடியில் இருக்கிறது. ஆனால் வேர் குடிப்பது மண்ணை அல்ல, மண்ணுக்குள் இருக்கும் நீரை. நல்ல ஈரத்தில் இருக்கும் அதே மேல்மண்ணில் சுமார் 1,20,000 லிட்டர் தண்ணீர் நிற்கும். அதில் கரைந்திருக்கும் மணிச்சத்து, லிட்டருக்கு 0.05 மில்லிகிராம் என்று கொண்டால், மொத்தமே 6 கிராம். இரண்டு டன் நெல் விளையும் ஏக்கரில் தானியமும் வைக்கோலுமாக வெளியே எடுத்துச் செல்வதோ 6 கிலோவுக்குப் பக்கம். அதாவது ஒரு போகம் முடிவதற்குள் மண் தன் நீரில் அந்த 6 கிராமை ஆயிரம் தடவை நிரப்பித் தர வேண்டும். நூறு நாள் பயிர் என்றால் நாளொன்றுக்குப் பத்துத் தடவை.

மண்ணின் மணிச்சத்து வளம் என்பது இந்த நிரப்பும் வேகம்தான். இருப்பு எவ்வளவு என்பதைவிட, அது எதோடு ஒட்டிக்கொண்டிருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கழன்று வருகிறது என்பதுதான் கேள்வி. தழைச்சத்து தண்ணீரோடு ஓடும், காற்றோடும் போகும். மணிச்சத்து அப்படி இல்லை. போட்ட இடத்திலிருந்து சில மில்லிமீட்டர் நகர்வதே பெரிது. அதனால்தான் வேர்தான் அதைத் தேடிப் போக வேண்டியிருக்கிறது. நின்ற பயிருக்கு மேலுரமாக டிஏபி தூவும் பழக்கம் பல இடங்களில் இருக்கிறது. மண்ணின் மேல்தோலில் விழுந்து அங்கேயே தங்கும் அந்தக் குருணையால் பயிருக்குக் கிடைக்கும் பச்சை, அதிலிருக்கும் 18 சதவீதத் தழைச்சத்தின் வேலை. மணிச்சத்துக்குக் கொடுத்த விலை மண்ணோடு மண்ணாக நிற்கிறது.

மலையிலிருந்து தொடங்குவோம். கள்ளக்குறிச்சி, சேலம், தருமபுரி மாவட்டங்களில் பரந்து கிடக்கும் கல்வராயன் மலை, கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. சார்னோகைட்டும் நைஸும் அடிப்பாறைகள். நீண்ட காலம் மழையில் ஊறி இந்தப் பாறைகள் மக்கும்போது சுண்ணாம்பும் பிற காரப்பொருள்களும் கழுவிக்கொண்டு போய்விடும். இரும்பும் அலுமினியமும் பின்தங்கும். செம்மண்ணின் சிவப்பு அந்த இரும்பு ஆக்சைடின் நிறம். பக்கத்துச் சேர்வராயன் மலையிலும் கொல்லிமலையிலும் இந்த மக்குதல் உச்சத்துக்குப் போய், மலைத்தலையில் பாக்சைட்டாகவே படிந்துவிட்டது. மேட்டூர் அலுமினிய ஆலைக்கு ஒரு காலத்தில் அங்கிருந்துதான் தாது போனது. கல்வராயனின் செம்மண்ணும் அதே குடும்பம்தான்.

இரும்பு, அலுமினிய ஆக்சைடுகளின் மேற்பரப்பில் பாஸ்பேட் வெறுமனே ஒட்டுவதில்லை. வேதிப் பிணைப்பாகவே பிணைந்துகொள்கிறது. நாளாக ஆக அது துகளின் உள்ளே ஊடுருவி, வெளியே வருவதும் கடினமாகிறது. மண் எவ்வளவு அமிலமாக இருக்கிறதோ அவ்வளவுக்கு இந்தப் பிடி இறுகும். அமிலம் கூடிய நீலகிரியின் தேயிலை, உருளைக்கிழங்கு நிலங்களில் இதை எல்லோரும் அறிந்திருக்கிறார்கள். கல்வராயன் அந்த அளவு அமிலம் இல்லை என்றாலும் போக்கு அதே திசையில்தான். இங்கே நீரில் கரையும் உரத்தைத் தூவிவிட்டு உழுவது, ஒவ்வொரு குருணையையும் அதிகபட்ச இரும்போடு சந்திக்க வைப்பதுதான். விதைக்குப் பக்கவாட்டில், கொஞ்சம் கீழே, வரிசையாக வைத்தால் மண்ணோடு கலப்பது குறையும்; வேர் முந்திக்கொள்ளும். இது வேளாண் துறை புத்தகங்களில் எப்போதோ எழுதப்பட்ட விஷயம்தான். கூலி ஆள் கிடைக்காத ஊரில் வரிசை வைப்பது யார் என்பதுதான் எழுதப்படாத பகுதி.

அப்படிப் பிடிபட்ட சத்து ‘போய்விட்டது’ என்று சொல்வது பாதி உண்மை. அடகு வைத்த நகையைப் போல, அது தொலைந்துபோகவில்லை. மீட்க ஏதாவது கொடுக்க வேண்டும், அவ்வளவே. எதைக் கொடுத்து மீட்பது என்பதில் பயிருக்குப் பயிர் சாமர்த்தியம் மாறுகிறது. இதற்கு உலகமே மேற்கோள் காட்டும் சான்று நம் நாட்டிலேயே கிடைத்தது. ஹைதராபாத் அருகே பட்டான்செருவில் உள்ள இக்ரிசாட் ஆராய்ச்சி நிலையத்தில் செம்மண்ணும் கரிசலும் அடுத்தடுத்து இருக்கின்றன. அங்கே நோரிஹாரு ஏ என்ற ஜப்பானிய விஞ்ஞானியும் கூட்டாளிகளும் சோளம், துவரை உள்ளிட்ட பயிர்களை இரண்டு மண்ணிலும் உரமில்லாமல் வளர்த்துப் பார்த்தார்கள். கரிசலில் சோளம் ஓரளவு தாக்குப்பிடித்தது. செம்மண்ணில் மணிச்சத்துக்கு ஏங்கி நின்றுவிட்டது. துவரை மட்டும் செம்மண்ணிலும் மணிச்சத்தை எடுத்தது. துவரை வேர் கசியவிடும் பிசிடிக் அமிலமும் அதன் சார்பு அமிலங்களும் இரும்பைப் பற்றிக்கொண்டு, இரும்பின் பிடியிலிருந்த பாஸ்பேட்டை விடுவிக்கின்றன என்று 1990இல் ‘சயின்ஸ்’ இதழில் அவர்கள் எழுதினார்கள். துவரை உதிர்க்கும் இலையும் மண்ணில் விடும் வேரும் மக்கும்போது அடுத்து வரும் தானியப் பயிருக்கும் அதில் பங்கு உண்டு.

மேட்டு நிலத்தில் சிறுதானியத்தோடு துவரையோ அவரையோ கலந்து விதைத்த பழைய வழக்கத்தை இந்தக் கண்ணோடு பார்த்தால் வேறு மாதிரித் தெரிகிறது. சாமையும் தினையும் விளைந்த கல்வராயன் சரிவுகளில் இன்று மரவள்ளி முன்னேறிவிட்டது. ஆத்தூர், சேலம், சின்னசேலம் வட்டார ஜவ்வரிசி ஆலைகள் கூப்பிடு தூரத்தில் இருக்கும்போது மலையாளி பழங்குடி விவசாயிகளைக் குறை சொல்ல ஒன்றும் இல்லை. காசு தரும் பயிர் அது. ஆனால் மரவள்ளியைப் பற்றியும் ஒரு வியப்பான செய்தி இருக்கிறது. கொலம்பியாவின் காலி நகரத்துக்கு அருகிலுள்ள சியாட் ஆராய்ச்சி மையத்தில், மண்ணில்லாமல் ஊட்டச்சத்து நீரில் மரவள்ளியை வளர்த்தபோது, மக்காச்சோளத்தைவிடப் பல மடங்கு மணிச்சத்து கேட்டது. அவ்வளவு பெருந்தீனிப் பயிர், வயலில் மட்டும் வறண்ட செம்மண்ணில் எப்படிப் பிழைக்கிறது? மண்ணைக் கொதிநீராவியில் பதப்படுத்தி நுண்ணுயிர்களைக் கொன்றுவிட்டு நட்டுப்பார்த்தால் அது குன்றிப்போனது. வேரோடு கூட்டு வாழும் வேர்ப்பூஞ்சைதான் ரகசியம். நம் ஊரில் ‘வேம்’ என்ற பெயரில் பொட்டலமாக விற்கப்படும் அதே இனம். முடியைவிட மெல்லிய அதன் இழைகள் வேர் எட்டாத துளைகளுக்குள் போய்ப் பாஸ்பேட்டைக் கொண்டுவந்து வேரிடம் கொடுத்து, பதிலுக்குச் சர்க்கரை வாங்கிக்கொள்கின்றன. மணிச்சத்து உரத்தை அள்ளிக்கொட்டினால் செடி அந்தப் பூஞ்சையோடு உறவைத் தளர்த்திக்கொள்கிறது என்பதும் நிறுவப்பட்ட விஷயம். ஆக மலைச்சரிவு மரவள்ளிக்கு டிஏபியைக் கூட்டுவது, சும்மா கிடைக்கும் ஆளை நிறுத்திவிட்டுக் கூலி ஆளைப் பிடிப்பது.

மலைக்கு ஏற்ற உரம் வேறு உண்டு. அமிலச் சாயல் உள்ள மண்ணில், பொடியாக அரைத்த ராக் பாஸ்பேட்டே மெல்லக் கரையும், விலையும் குறைவு. முசூரி பாஸ் என்ற பெயரில் மலைத்தோட்டப் பயிர்களுக்கு ஒரு காலத்தில் பரவலாகப் போனது அதுதான். அதே பொடியைச் சின்னசேலத்துக் கரிசலில் போட்டால் கல்லைப் போட்டதற்கும் அதற்கும் வித்தியாசமே இருக்காது.

ஏனென்றால் கரிசலின் வேதியியலே வேறு. கள்ளக்குறிச்சியிலிருந்து தெற்கே போகப் போக, பருத்தியும் மக்காச்சோளமும் நிற்கும் கருமண்ணில் சுண்ணாம்பு வெள்ளை வெள்ளையாகக் கலந்து கிடப்பதைக் காணலாம். கார அமில நிலை 8ஐத் தாண்டும். இங்கே பாஸ்பேட்டைப் பிடிப்பது கால்சியம். முதலில் ஓரளவு கரையக்கூடிய டைகால்சியம் பாஸ்பேட்டாக மாறும். மாதங்கள் போகப் போக மேலும் மேலும் கரையாத வடிவங்களுக்கு இறுகி, கடைசியில் பல்லின் எனாமலில் இருக்கும் அபடைட் வகைக் கனிமத்தை நோக்கிப் போகும். இந்தப் பூட்டைத் திறக்க இரும்போடு சண்டை போடும் அமிலம் தேவையில்லை. வேர் தன்னைச் சுற்றிலும் லேசாகப் புளிக்க வைத்தாலே போதும். கொண்டைக்கடலை வேர் சிட்ரிக் அமிலத்தைக் கசியவிட்டு அதைச் செய்கிறது. உரத் தேர்விலும் இது தெரியும். டிஏபி குருணை கரையும் இடம் காரமாக இருக்கும். சூப்பர் பாஸ்பேட் கரையும் இடம் கடும் அமிலமாக இருக்கும். சூப்பரில் மணிச்சத்து, ஆக்சைடு கணக்கில், 16 சதவீதம்; டிஏபியில் இருப்பதில் ஏறக்குறைய மூன்றில் ஒரு பங்குதான். ஆனால் கந்தகமும் கால்சியமும் சேர்ந்தே வருகின்றன. நிலக்கடலைக்கும் உளுந்துக்கும் அந்தக் கந்தகம் வேண்டியிருக்கிறது. எடை அதிகம், ஆட்டோவில் மூன்று மூட்டை ஏற்ற வேண்டும் என்பதால் சூப்பரை ஒதுக்குகிறார்கள். அதைச் சோம்பல் என்று சொல்லிவிட முடியாது. போக்குவரத்துச் செலவும் உரச்செலவுதான்.

மண்ணை எப்படிச் சோதிக்கிறார்கள் என்பதிலும் இந்த இரட்டைக் குணம் புகுந்திருக்கிறது. அமில மண்ணுக்கு 1945இல் அமெரிக்காவின் இல்லினாய்ஸில் பிரேயும் குர்ட்ஸும் உருவாக்கிய கரைசல். காரமண்ணுக்கும் நடுநிலை மண்ணுக்கும் 1954இல் ஓல்சன் குழுவினர் தந்த சோடியம் பைகார்பனேட் கரைசல். முதலாவது, சுண்ணாம்பு மண்ணில் போட்டால் அமிலம் சுண்ணாம்போடு சேர்ந்தே செலவாகிவிட்டு உருப்படாத எண்ணைத் தரும். 2015இல் தொடங்கிய மண்வள அட்டைத் திட்டத்தின் வழிகாட்டலிலும் மண்ணுக்கேற்ற முறை என்பது இருக்கிறது. ஆனால் அட்டையை வாங்கும் விவசாயிக்குக் கிடைப்பது ஓர் எண்ணும், ‘குறைவு’, ‘மத்திமம்’, ‘அதிகம்’ என்ற மூன்றில் ஒரு சொல்லும். ஓல்சன் முறையில் ஹெக்டேருக்கு 11 கிலோவுக்குக் கீழ் குறைவு, 22 கிலோவுக்கு மேல் அதிகம். ஏக்கர் கணக்கில் அது நாலரையும் ஒன்பதும். எந்தக் கரைசலில் பார்த்தார்கள், மண்ணில் சுண்ணாம்பு எவ்வளவு, இரும்பின் பிடி எவ்வளவு என்பதெல்லாம் அட்டைக்கு வெளியே நின்றுவிடுகின்றன.

நெல் வயலுக்கு வந்தால் கதை இன்னும் சுவையாகிறது. கோமுகி அணையிலும் மணிமுக்தா அணையிலும் தண்ணீர் திறந்து, வயலில் நீர் கட்டிய சில நாட்களில் மண்ணுக்குள் பிராணவாயு தீர்ந்துவிடும். காற்றில்லாமல் வாழும் பாக்டீரியாக்கள் அப்போது இரும்பு ஆக்சைடைச் சுவாசத்துக்குப் பயன்படுத்தத் தொடங்குகின்றன. இரும்பு கரையும் வடிவத்துக்கு மாற, அதன் மேல் ஒட்டியிருந்த பாஸ்பேட் நீருக்குள் விழுகிறது. சேறாக்கி நீர் கட்டும் வேலையே நெல்லுக்கு இலவச மணிச்சத்து உரம் என்று சொல்லலாம். நாற்றைப் பிடுங்கிப் பார்த்தால் வேரில் தெரியும் துருச்சிவப்பு, அங்கே நடக்கும் இரும்பு விளையாட்டின் தடயம்.

நெல் அறுத்து வயல் காய்ந்ததும் எல்லாம் திரும்பிவிடும். கரைந்த இரும்பு மறுபடி துருவாகிறது. அந்தப் புதுத் துரு, பழையதைவிட நுண்ணியது, மேற்பரப்பு அதிகம், பிடியும் அதிகம். நெல் தரிசில் உளுந்து விதைக்கும்போது அதே வயல் மணிச்சத்தில் கஞ்சனாகிவிடுவது இதனால்தான். பூக்கும் தருணத்திலும் பதினைந்து நாள் கழித்தும் 2 சதவீத டிஏபி கரைசலை இலைவழியாகத் தெளிக்கச் சொல்கிறது தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம். ஏக்கருக்கு 4 கிலோ டிஏபியை முந்தின இரவே ஊறவைத்து, தெளிந்த நீரை வடித்துத் தெளிப்பது. மண்ணையே சுற்றிக்கொண்டு போகும் குறுக்குவழி அது. உளுந்தூர்பேட்டை வட்டாரத்து உளுந்து விவசாயிக்கு அந்த 4 கிலோ, நெல்லுக்கு அடியுரமாக இறைக்கும் 50 கிலோவைவிடப் பலன் தருகிறது என்றால் மிகையில்லை. நெல்லும் உளுந்தும் சுழலும் நிலத்தில் மணிச்சத்தை இரண்டு பயிருக்கும் சேர்த்துக் கணக்குப் போட வேண்டும். சங்கத்தில் உரம் வழங்கும் பட்டியலோ ஒவ்வொரு பயிரையும் தனித்தனியாகவே பார்க்கிறது.

இப்போது இந்தக் கட்டுரையின் சச்சரவான பகுதிக்கு வரலாம். போட்டதில் 15, 20 சதவீதம்தான் பயிருக்குப் போகிறது, மற்றதெல்லாம் மண்ணில் பூட்டப்பட்டு வீணாகிறது; ஆகவே கூடுதலாகப் போடுங்கள் என்ற அறிவுரை அரை நூற்றாண்டாகக் காதில் விழுந்துகொண்டிருக்கிறது. முதல் பாதி உண்மை. இரண்டாம் பாதி, போட்ட வருடத்தோடு கணக்கை மூடிவிடும் பிழை. இங்கிலாந்தின் ராதாம்ஸ்டெட் நிலையத்தில் 1856 முதல் 1901 வரை உரமிடப்பட்ட ஒரு நிலத்தில், அதன்பின் மணிச்சத்தே போடாமல் பல பத்தாண்டுகள் பார்லி விளைவித்தார்கள். உரம் கண்டிராத பக்கத்துத் துண்டைவிட, பழைய உரம் தின்ற துண்டு அப்போதும் கூடுதலாகவே விளைந்தது. 2008இல் உலக உணவு வேளாண் நிறுவனம் வெளியிட்ட ஆய்வறிக்கை ஒன்று, பல ஆண்டுகளைச் சேர்த்துப் பார்த்தால் மணிச்சத்து உரத்தின் பயன்பாடு 90 சதவீதம் வரைகூடப் போகலாம் என்று கணக்குக் காட்டியது. மண்ணின் பிடிக்கும் இடங்கள் நிரம்ப நிரம்ப, புதிதாகப் போடுவது முன்பைப்போல இறுக்கமாகப் பிடிபடுவதில்லை என்பதை ஆஸ்திரேலிய மண் விஞ்ஞானி ஜிம் பேரோ வாழ்நாள் முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தார்.

நமக்கே இதில் மூத்த சொத்து ஒன்று உண்டு. கோவையில் 1909இல் தொடங்கிய நிரந்தர எருப் பரிசோதனை நிலங்கள், ராதாம்ஸ்டெட்டைப் போலவே ஒரே நிலத்தில் ஒரே உரமுறையைத் தொடர்ந்து பின்பற்றி வருபவை. மண் பரிசோதனையையும் விளைச்சல் இலக்கையும் இணைத்து உர அளவைக் கணக்கிடும் முறையை 1960களின் கடைசியில் நாட்டுக்குத் தந்த பி. ராமமூர்த்தியின் வழியில், மண் வகைக்கு மண் வகை, பயிருக்குப் பயிர் தனித்தனிச் சமன்பாடுகள் தமிழ்நாட்டில் உருவாக்கப்பட்டிருக்கின்றன. அறிவு இல்லாத குறை இல்லை. அது பல்கலைக்கழகத்தில் இருக்கிறது. மூட்டை சங்கத்தில் இருக்கிறது. இரண்டுக்கும் நடுவே பேருந்து ஓடவில்லை.

நாற்பது, ஐம்பது வருடங்களாக நெல்லும் கரும்புமாக டிஏபியும் பாக்டம்பாஸும் 17:17:17 காம்ப்ளக்ஸும் தின்ற சமவெளி வயல்களில், போகத்துக்கு ஏக்கருக்கு 4 கிலோ மிச்சம் நின்றாலே இப்போது பெரிய இருப்பு சேர்ந்திருக்கும். அந்த வயலின் அட்டையில் ‘அதிகம்’ என்று வந்தால், ஒரு போகம் அடியுர மணிச்சத்தை நிறுத்திப் பார்ப்பதில் விளைச்சலுக்கு ஆபத்து மிகக் குறைவு. போட்டால்தான் இன்னொரு கெடுதல் இருக்கிறது: மணிச்சத்து மிகுந்தால் துத்தநாகத்தைப் பயிர் எடுப்பது தடைபடும். நெல்லிலும் மக்காச்சோளத்திலும் துத்தநாகக் குறை தெரியும்போது, அதற்கும் தனியாக ஒரு பை வாங்கிப் போடுகிறோம். மக்காச்சோளம் முளைத்த முதல் மாதத்தில் இலை ஊதா நிறமாவதைப் பார்த்து அலறுவதும் இப்படித்தான். ஈரமும் குளிருமாக இருக்கும்போது வேர் சிறியதாக இருப்பதால் வரும் தற்காலிகப் பசி அது. பல வயல்களில் வேர் இறங்கியதும் தானே தெளிந்துவிடும்.

மலையின் நிலை இதற்கு நேர்மாறு. சமவெளி மூட்டை மூட்டையாக உரம் வாங்கத் தொடங்கிய காலத்தில் கல்வராயன் ஜாகீர்தார்களின் கையில் இருந்தது. 1976இல்தான் அது அரசின் நேரடி நிர்வாகத்துக்குள் வந்தது. அங்கே சேர்த்துவைத்த இருப்பு என்று ஒன்றும் இல்லை. சமவெளிக்கு ‘நிறுத்திப் பாருங்கள்’ என்பது சரியான யோசனை என்றால், மலைக்கு அதே யோசனை அநியாயம். அங்கே வேண்டியது ராக் பாஸ்பேட்டும், சூப்பரைத் தொழு உரத்தோடு கலந்து ஒரு மாதம் மூடிவைத்து ஊட்டமேற்றிய எருவும், ஊடுபயிராகத் துவரையும். ஊட்டமேற்றிய தொழு உரம் மானாவாரிக்கு வேளாண் பல்கலைக்கழகமே பரிந்துரைப்பது. எருவில் இருக்கும் கரிம அமிலங்கள் இரும்பின் இடங்களை முன்கூட்டியே பிடித்துக்கொள்வதால் பாஸ்பேட் கொஞ்சம் தப்புகிறது.

இதெல்லாம் விவசாயியின் தனிப்பட்ட விஷயம் மட்டும் என்று அரசு விட்டுவிட முடியாது, பணம் பொதுப்பணம். டிஏபி மூட்டை ரூ.1,350க்குக் கிடைக்கிறது என்றால், 2022 காரீஃப் பருவத்தில் அந்த ஒரு மூட்டைக்கு மத்திய அரசு கொடுத்த மானியம் ரூ.2,501. ராக் பாஸ்பேட்டோ பாஸ்பாரிக் அமிலமோ ஆயத்த டிஏபியோ, ஏதோ ஒரு வடிவத்தில் மணிச்சத்தில் பெரும்பகுதி கப்பலில் வருகிறது. உலக இருப்பில் ஏறக்குறைய 70 சதவீதம் மொராக்கோவின் கையில். 2024இல் சீனா ஏற்றுமதியை இறுக்கியபோது வட இந்திய ராபி பருவத்தில் வரிசைகள் நீண்டன. நாட்டின் முதல் சூப்பர் பாஸ்பேட் ஆலையை 1906இல் பாரி நிறுவனம் தொடங்கியது நம் ராணிப்பேட்டையில்தான். பெரம்பலூர் பக்கத்து ஊட்டத்தூர் களிப்படிவங்களில் பாஸ்பேட் முண்டுகள் கிடப்பதும் வெள்ளைக்காரன் காலத்திலேயே தெரிந்த செய்தி. ஆனால் பெருந்தொழிலுக்குத் தாங்கும் சுரங்கம் இங்கே அமையவில்லை. ராஜஸ்தானின் ஜாமர்கோட்ராவை விட்டால் நாட்டில் பெரிதாகச் சொல்லிக்கொள்ள இடம் குறைவு.

கள்ளக்குறிச்சியின் கைக்குள்ளேயே இருக்கும் ஒரு சுரங்கத்தைச் சொல்ல வேண்டும். மூங்கில்துறைப்பட்டிலும் கச்சிராயபாளையத்திலும் இருக்கும் இரண்டு கூட்டுறவுச் சர்க்கரை ஆலைகளிலும் சாறு தெளிய வைக்கும்போது அழுக்கோடு மணிச்சத்தும் படிந்து பிரஸ்மட்டாக வெளியேறுகிறது. நூறு டன் கரும்புக்கு 3, 4 டன் பிரஸ்மட். ஈரத்தோடு பார்த்தால் ஏறக்குறைய 4 டன்னில் ஒரு டிஏபி மூட்டையின் மணிச்சத்து. கூடவே கரிமப்பொருளும் சுண்ணாம்பும். மலையடிவாரச் செம்மண்ணுக்கு இதைவிடப் பொருத்தமான சரக்கு கிடைப்பது அரிது. ஆலையிலிருந்து 20 கிலோமீட்டர் வண்டிக்கூலிதான் தடை. மூட்டைக்கு இரண்டாயிரத்துக்கு மேல் மானியம் கொடுக்க முடிந்த நாட்டில், அதில் ஒரு சிறு பங்கை இந்த வண்டிக்கூலிக்குத் திருப்ப முடியாதா?

விவசாயிகள் பக்கத்து நியாயமும் இருக்கிறது. குத்தகைக்கு எடுத்து உழுபவர், அடுத்த வருடம் அதே நிலம் கையில் இருக்குமா என்று தெரியாதவர்; நீண்டகால இருப்பைப் பற்றிய உபதேசம் அவருக்கு எதற்கு? அவருக்கு இந்தப் போகம்தான் கணக்கு. ‘அதிகம்’ என்று வந்த நிலத்தில் செலவைக் குறைப்பது அவருக்குத்தான் முதல் லாபம் என்பதை அவரிடம் யாரும் சொன்னதில்லை. நிறுத்திப் பார்த்து விளைச்சல் குறைந்தால் யார் பொறுப்பு என்ற கேள்விக்கும் பதில் வேண்டும். ஊருக்கு ஊர் ஒரு வயலில், வேளாண் துறையே பொறுப்பேற்று, பாதியில் டிஏபி போட்டும் பாதியில் போடாமலும் அறுவடை நாளில் எடை போட்டுக் காட்டினால், பத்து அட்டைகள் செய்யாத வேலையை அந்தத் தராசு செய்யும். தமிழ்நாட்டில் வேளாண்மைக்குத் தனி நிதிநிலை அறிக்கை 2021 முதல் வருகிறது. 2024-25இல் மண்வளத்துக்கென்றே ‘மண்ணுயிர் காத்து மன்னுயிர் காப்போம்’ என்ற திட்டமும் வந்தது. பசுந்தாள் விதைக்கும் மண்புழு உரத்துக்கும் போகும் பணத்தில் இந்த எடைபோடும் வயல்களுக்கும் இடம் இருக்கிறது.

மலையிலிருந்து மணிச்சத்து இறங்கும் இன்னொரு வழி, மண்ணே இறங்குவது. மணிச்சத்து நீரில் ஓடாது என்றாலும் நுண்துகளில் ஒட்டிக்கொண்டு ஓடும். மேல்மண்ணின் மெல்லிய துகள்களில்தான் அது செறிந்திருக்கிறது, மழை முதலில் அள்ளிக்கொண்டு போவதும் அவற்றையே. நட்ட முதல் மூன்று மாதம் தரையை மூடாமல் நிற்கும் மரவள்ளி, பிறகு கிழங்குக்காக மண்ணையே புரட்டிப் போடும் அறுவடை; சரிவில் இதைவிட மண்ணரிப்புக்கு வசதியான பயிர் கிடையாது. சமமட்ட வரப்பும், வெட்டிவேர் வரிசையும், மூடுபயிராகப் பயறும் மலைக்குப் போக வேண்டிய உரத்திட்டத்தின் பகுதிதான். அதை வனத்துறை வேலை என்றும் பொறியியல் துறை வேலை என்றும் பிரித்துவைத்திருப்பதில் நட்டம் மலைக்கு.

இறங்கிய மண் கோமுகியிலும், அதன் கீழுள்ள ஏரிகளிலும் படிகிறது. அந்த வண்டலை விவசாயிகள் கட்டணமின்றி எடுத்துக்கொள்ள வட்டாட்சியர் அளவிலேயே அனுமதி தரும் ஏற்பாடு 2024இல் வந்தது நல்ல காரியம். ஆனால் ஏரியின் நடுப்பள்ளத்தில் படிந்த மெல்லிய களியும், வரத்துக்கால்வாய் வாயில் குவிந்த மணலும் ஒரே வாடகைக்கு டிராக்டரில் ஏறுகின்றன. முதலாவதில் மலையின் மணிச்சத்து இருக்கிறது. இரண்டாவதில் பெரும்பாலும் வெறும் மணல். ஏரிக்கு நாலு இடத்தில் மண் எடுத்து முன்கூட்டியே சோதித்து, எந்தப் பகுதி வண்டல் எந்த மண்ணுக்கு என்று அனுமதிச் சீட்டிலேயே அச்சிட்டுக் கொடுக்க, மாவட்ட மண் பரிசோதனை நிலையத்துக்குக் கோடையின் ஒரு மாதம் போதும்.